எறியப்படாத நோட்டீஸ்கள்

மற்றவர்கள் குப்பையில் போடுகிறதை எடுத்து உறையில் போடுகிறதுதான் என் தொழில். கிழக்கு லண்டனில் கவுன்சில் நடத்தும் ஒரு பொது நூலகத்தில், உள்ளூர்க் கலைஞர்களின் துண்டுக் காகிதங்களுக்கு நான் பொறுப்பு: நாடக நோட்டீஸ், ஓவியக் கண்காட்சி அழைப்பிதழ், அரங்கேற்றக் கார்டு, நுழைவுச்சீட்டின் கிழிந்த பாதி. பழைய கலியாணக் கார்டை எறியவும் ஏலாமல் வைத்திருக்கவும் ஏலாமல் அலுமாரி லாச்சிக்குள் அடைத்து வைத்திருக்கிற உங்களுக்கு என் நிலைமை விளங்கும்.

வாசிக்கத் தெரிந்த குற்றம்

இந்தப் பொறுப்பு எனக்குப் படிப்பால் வந்ததில்லை. மேலதிகாரி ஹெலன் ஒருநாள் ஒரு பெட்டியைத் தூக்கிவந்து என் மேசையில் வைத்தார். மேலே 'பிறமொழி, பலவகை' என்று எழுதியிருந்தது. திறந்தால் முழுக்கத் தமிழ். வந்த நாளிலிருந்து அதை ஒருவரும் வாசித்ததில்லை. "என்ன இருக்கிறது என்றே தெரியாததை எதற்கு வைத்திருப்பது?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நியாயமான கேள்விதான்.

மேலே கிடந்த நாடக நோட்டீஸை எடுத்து வரிக்கு வரி மொழிபெயர்த்துச் சொன்னேன். ஒரு பள்ளிக்கூட மண்டபம், பன்னிரண்டு நடிகர்கள். கடைசி வரி: 'அழும் குழந்தைகளைத் தாய்மார் மட்டுமல்ல, தகப்பன்மாரும் வெளியே கொண்டு செல்லலாம்.' ஹெலன் அதை இரண்டாம் தரமும் சொல்லச் சொன்னார். பிறகு பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டார்: "இனி இது உன் பொறுப்பு. அந்தக் கடைசி வரியை மட்டும் பெரிய எழுத்தில் அடித்துத் தா, சிறுவர் கதை நேரத்துக்கு ஒட்ட வேண்டும்."

தவறிப்போன ஒன்று

பக்கத்து ஊர் குட்மேய்ஸிலிருந்து ஓவியர் தவராசா அண்ணை வந்தார். எழுபதை நெருங்கும் வயது. பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்துகொண்டே வரைந்த இருபது படங்களை ஒரு தேவாலய மண்டபத்தில் மாட்டினதுதான் அவருடைய முதல் கண்காட்சி. அதன் நோட்டீஸ் எங்களிடம் இருப்பதாகக் கேள்விப்பட்டு வந்திருந்தார். உறையைத் திறந்து கொடுத்தேன். மனிதரின் முகம் மலர்ந்து, உடனே சுருங்கியது. பெயர் 'தவறாசா' என்று அச்சாகியிருந்தது.

"அந்த நேரம் முந்நூறு நோட்டீசிலையும் நானே இருந்து பேனையால திருத்தினனான், தங்கச்சி. இது எப்பிடியோ தப்பிட்டுது" என்றபடி சட்டைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். நான் சட்டென்று குறுக்கே கையை வைத்தேன். எங்களிடம் வந்துசேர்ந்த காகிதத்தில் ஒரு புள்ளிகூடப் போட ஏலாது, அதற்குரியவரே வந்தாலும் ஏலாது என்றேன். கோபித்துக்கொண்டு எழும்பினார். நான் விடவில்லை. தனித் தாளும் பென்சிலும் கொடுத்து, சரியான பெயரை எழுதிக் கையெழுத்தும் வையுங்கோ, இரண்டையும் ஒரே உறையில் வைக்கிறன், நோட்டீசைப் பார்க்கிறவை இதையும் பார்ப்பினம் என்றேன்.

இருந்து எழுதினார். எழுதினதோடு நில்லாமல், கீழே ஒரு பெட்ரோல் பம்பையும் கீறினார். கோபம் போய்விட்டது. கதவடியில் நின்று சொன்னார்: "பிழையா அடிச்ச அச்சகமே இப்ப இல்லை. அவன் விட்ட பிழைக்குக் கவுன்சில் காவல் நிக்குது!"

முன்பக்கம் மட்டும்

புதுக் கணினிகளுக்கு இடம் வேண்டியிருந்தது. என் பெட்டிகளை ஸ்கேன் செய்துவிட்டு, காகிதங்களை அப்புறப்படுத்தலாம் என்று மேலிடத்தில் ஒரு யோசனை. அதற்காக அனுப்பப்பட்டவர் கார்த்திக், கோயம்புத்தூர்க்காரர், கெட்டிக்காரர். ஒரே கிழமையில் முதல் பெட்டியை முடித்துவிட்டு வந்தார். "எல்லாம் தெளிவா வந்திருக்கு மேடம். இனிமே பேப்பர் எதுக்கு?"

நான் வாதாடப் போகவில்லை. அந்தப் பெட்டியிலிருந்து பத்து நோட்டீசை எடுத்து மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஒன்றின் முதுகில், மிருதங்கக்காரர் எந்த பஸ் எடுத்து எங்கே இறங்க வேண்டும் என்ற வழி. இன்னொன்றில், தொண்டை கட்டின பாடகிக்காகச் சுருதியை இறக்கச் சொல்லும் குறிப்பு. மற்றொன்றில், மேடைத் திரைச்சீலைக்காக யாரோ கீறிப் பார்த்த கோட்டை மதில். கார்த்திக் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தார். பிறகு தன் கணினியைப் பார்த்தார். அதில் இவை ஒன்றுமே இல்லை.

காகிதம் இருக்கத்தான் வேண்டும் என்று அவரே மேலிடத்துக்கு எழுதினார். கணினிகள் வேறு மூலைக்குப் போயின. என்னிடம் மட்டும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "நான் மறுபடி மொதல்லருந்து பண்ணிடறேன் மேடம். ஒரு பக்கம்தான் ஸ்கேன் பண்ணேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

மற்றும் ஒரு சகோதரி

ரோகிணி அக்காவுக்குப் பார்க்கிங் என்ற ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. ஷிப்ட் முடிந்து சீருடையோடேயே வந்திருந்தார். ஒரு பழைய நாடக நோட்டீசைக் கேட்டு வாங்கினார். அதில் வரிசையாக ஆண்களின் பெயர்கள், கடைசியில் 'மற்றும் ஒரு சகோதரி'. அந்த வரியில் விரலை வைத்து, "இது நான்" என்றார். நடிக்கலாம், ஆனால் பெயர் வெளியே வரக்கூடாது என்ற நிபந்தனையில்தான் தகப்பன் விட்டிருக்கிறார். இப்போது எங்கள் பட்டியலிலாவது தன் பெயர் வர வேண்டும் என்பது அக்காவின் ஆசை.

ஆதாரம் ஏதும் இருக்கிறதா என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. "நான் சொல்லுறது காணாதோ?" என்றவரின் கண் கலங்கிவிட்டது. நான் நோட்டீசைத் திருப்பினேன். பென்சிலில் யாரோ எழுதியிருந்தார்கள்: 'ரோகிணி, தாய் வேசம். நாலு மணி, பார்க்கிங் ஸ்டேசன் வாசல். குடை மறக்க வேண்டாம்.' அக்கா வாசித்துவிட்டுச் சிரித்தார். "மறந்துதான் போனனான். நனைஞ்சுகொண்டுதான் போய் நடிச்சனான்."

முழுப் பெயரையும் தட்டிவிட்டு, திரையை அவர் பக்கம் திருப்பினேன். "போடட்டோ அக்கா? பிறகு ஆர் தேடினாலும் தெரியும்." எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்த்தார். "போடு பிள்ளை. அப்பா வேண்டாம் எண்டது நோட்டீசிலதானே. கம்ப்யூட்டரைப் பற்றி அவர் ஒண்டும் சொல்லேல்லை."

இத்தனை பெட்டிகளை வாசித்து நான் கண்ட ஒரே உண்மை, எல்லாரும் 'சரியாக ஐந்து மணிக்கு' என்றுதான் அச்சடித்திருக்கிறார்கள், ஆனால் அதை நம்பி ஐந்து மணிக்கு யாரும் வந்ததற்கு எந்த உறையிலும் ஆதாரம் இல்லை.