யாரும் "வாங்கோ" சொல்லாத துறைமுகம்

என் மச்சாள்மேல் எனக்கு உண்மையான பொறாமை வந்த நாள் பெப்ரவரி மாதத்து இரண்டாம் ஞாயிறு. இடம் லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியில் ஒரு பலசரக்குக் கடைக்கு மேலே இயங்கும் இணைய வானொலியின் ஒலிப்பதிவு அறை. அதற்கு முன்பும் இருந்ததுதான்: அவளுடைய தலைமுடிமேல், அவள் வந்தவுடன் எங்கள் வீட்டில் எழும் சிரிப்பின்மேல். அவற்றை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

மச்சாள் என் கணவரின் தங்கை; நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிடுவோம். டென்மார்க்கில் பல வருடம் இருந்துவிட்டுப் பிள்ளைகளின் படிப்புக்காக லண்டன் வந்தவள். கிங்ஸ்பரியில் அழகு நிலையம் நடத்துகிறாள். நான் கவுன்சில் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் வாசித்துக்கொண்டும் குறிப்பெழுதிக்கொண்டும் இருப்பவள். ஊர்ச் சங்கத்துப் பழைய படங்களுக்கு நாளும் மாதமும் கண்டுபிடித்துக் கொடுப்பது நான்தான். மச்சாளுக்குத் தன் கல்யாண நாளே நினைவில் நிற்பதில்லை.

போன குளிர்காலம் செய்திகளில் அணுகுண்டுப் பேச்சு அதிகமாக இருந்தது. வானொலியை நடத்துகிறவர், நாங்கள் தம்பி என்று கூப்பிடுகிற இளைஞர், என்னைக் கூப்பிட்டு அதைப்பற்றி ஒரு நாடகம் கேட்டார். இதற்காகவே இவ்வளவு காலம் வாசித்தேன் என்று நினைத்து எழுத உட்கார்ந்தேன்.

கதை இதுதான். பெயர் சொல்லாத ஒரு நாடு. அதன் படை கடல் கடந்து எங்கோ போரிடுகிறது. அந்த நேரத்தில் நாட்டின்மேல் குண்டுகள் விழுகின்றன. போருக்குப் போனவர்கள் பிழைத்துவிட, வீட்டில் இருந்தவர்கள் சாகிறார்கள். மிஞ்சிய ஒரு கப்பலில் அந்தச் சிப்பாய்களை ஊருக்குக் கொண்டுவருகிறார்கள். வானம் எத்தனை காலம் இருண்டு கிடக்கும், எந்தப் பயிர் முதலில் முளைக்கும், கப்பல் எந்தத் துறைமுகத்தில் அணையலாம் என்றெல்லாம் தேடித் தேடி எழுதினேன். கடைசிக் காட்சியில், உயிரோடு எஞ்சிய ஒரு தாய் துறைமுகத்தில் நின்று மகனையும் மற்றவர்களையும் வரவேற்கிறாள். "வாருங்கள் மக்களே" என்று தொடங்கும் அந்த இரண்டு பக்கம் நான் எழுதியதிலேயே சிறந்தது என்று நம்பியிருந்தேன்.

தாயின் குரலுக்கு மச்சாளைத் தேர்ந்தெடுத்தது தம்பி. அந்த ஞாயிறு ஒத்திகையில் அவள் கடைசிக் காட்சிக்கு வந்ததும் தாளை மடியில் வைத்தாள்.

"மச்சாள், இதை நான் சொல்லமாட்டன்."

"ஏன், நீளமோ?"

"நீளம் ஒரு பக்கம் கிடக்கட்டும். செத்த வீட்டிலை ஆர் வாங்கோ எண்டு சொல்லுறது?"

எங்கள் சனத்துக்கு இதை விளக்கத் தேவையில்லை. சாவு விழுந்த வீட்டுக்கு வருகிறவரை யாரும் வாங்கோ என்று அழைப்பதில்லை. போகிறவரும் போயிட்டு வாறன் என்று சொல்லிக்கொள்வதில்லை. என் நாடகத்தில் ஒரு நாடு முழுவதும் செத்த வீடு. அதன் வாசலில் நான் ஒருத்தியை நிறுத்தி வரவேற்புரை வாசிக்க வைத்திருந்தேன். எத்தனை செத்த வீடுகளுக்குப் போயிருக்கிறேன், போன நாளைக் குறித்தும் வைத்திருக்கிறேன். இது எனக்குத் தோன்றவில்லை.

"அப்ப என்ன செய்யிறது அக்கா?" என்று தம்பி மச்சாளிடம் கேட்டார். அக்கா என்று கூப்பிட்டது என்னையல்ல என்பதைக் கவனித்தேன். "ரேடியோவிலை ஒண்டும் கதையாமல் நிக்க ஏலாது. லைன் அறுந்துபோச்சுது எண்டு சனம் நினைக்கும்."

"ஒரு கதிரையை இழுங்கோ. பெடியன் வாறான். ஒருத்தரும் ஒண்டும் கதைக்கேல்லை. தாய் இருந்த கதிரையை அரக்கி அவனுக்கு இடம் விடுறா. அந்தச் சத்தம் காணும். முடிஞ்சுது நாடகம்."

நாற்காலி நகரும் சத்தம் மட்டும் போதும் என்கிறாள். மகனாக நடிக்கும் பஸ் ஓட்டுநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். என்னுடைய இரண்டு பக்கத்தை வாசித்தபோது அவர் போனைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எப்பயிருந்து உமக்கு நாடக அறிவு?" என்று கேட்டேன்.

"அறிவெல்லாம் உங்களிட்டை மச்சாள். எனக்கு வாய் மட்டும்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். தம்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, எழுதியது நான், முடிவும் என்னுடையது, வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் போதும் என்றார்.

அவளை ஸ்டேஷனில் இறக்கிவிடப் போகும்போது, கணவர் காரை ஓட்ட, நான் பின்னால் திரும்பாமலே அந்தக் கதிரையை எங்கே பிடித்தாய் என்று கேட்டேன்.

"சண்டை முடிஞ்சாப்பிறகு நான் ஒருக்கா ஊருக்குப் போனனானெல்லோ. பெரியம்மா வீட்டு வாசல்லை போய் நிண்டன். ஒருத்தரும் வா எண்டு சொல்லேல்லை. பெரியம்மா எழும்பவும் இல்லை. கதிரையை அரக்கித் தள்ளி இருந்தா. நான் பக்கத்திலை நிலத்திலை இருந்தன்."

"எந்த வருஷம்?"

"ஆருக்குத் தெரியும்."

"மாதம்?"

"நல்ல வெய்யில்."

கணவர் சிரித்தார். "இவளிட்டை மாதம் கேட்டால் காலநிலை சொல்லுவாள்."

நான் சிரிக்கவில்லை. எங்கள் ஊரில் நடந்த அந்தப் போரைப்பற்றி வந்ததில் எனக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்திருக்கிறேன். எந்த ஊர் எந்தக் கிழமையில் இடம்பெயர்ந்தது என்று கேட்டால் சொல்வேன். ஆனால் ஊரைவிட்டு வெளிக்கிட்ட நாளிலிருந்து ஒருமுறையும் திரும்பிப் போகவில்லை. முதலில் விசா, பிறகு ஷிப்ட், பிறகு பயம், பிறகு பழக்கம். மச்சாள் போய் வாசலில் நின்றிருக்கிறாள். அந்தக் கதிரை அவளுக்குக் கிடைத்திருக்கிறது. அதை இத்தனை வருடம் வைத்திருந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்லைக் காட்டிக்கொண்டு மேசையில் போட்டுவிட்டாள்.

அந்தக் கிழமை முழுவதும் வேறு முடிவுகள் எழுதி அவளுடைய முடிவை வெல்லப் பார்த்தேன். ஒன்றில் கோயில் மணி அடித்தது, ஒன்றில் நாய் குரைத்தது, ஒன்றில் தாய் மகனின் பெயரை மட்டும் சொன்னாள். ஒவ்வொன்றையும் கணவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார்.

"கதிரை மாதிரி இல்லை, என்ன?"

"நான் அப்பிடிச் சொன்னனானோ?"

"சொல்லத் தேவையில்லை."

"இஞ்சரும், நீர் ஏன் அவளோடை போட்டி போடுறீர்? அவள் போட்டிக்கே வரேல்லை."

ஆறுதலாகத்தான் சொன்னார். அந்த வார்த்தைதான் என்னை அதிகம் சுட்டது.

வெள்ளிக்கிழமை காலை தம்பிக்குப் போன் எடுத்து, கதிரையை வையுங்கோ என்றேன். பெருந்தன்மை ஒன்றும் இல்லை. வேறு யாருடைய புத்தகத்திலாவது அந்த முடிவை வாசித்திருந்தால், அதை என் குறிப்பேட்டில் எழுதி நாளும் போட்டு வைத்திருப்பேன். நல்லது எது என்று தெரிந்துகொள்ளும் அளவுக்கு வாசித்துத் தொலைத்திருக்கிறேன்.

ஒலிப்பதிவன்று ஒரு சிக்கல். அங்கே இருந்ததெல்லாம் அடியில் சில்லு வைத்து உருளும் கதிரைகள். இழுத்தால் சத்தமே வராது. தம்பி இன்டர்நெட்டிலிருந்து ஒரு சத்தம் எடுத்துப் போடலாம் என்றார். நான் விடவில்லை. கீழே கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் கதிரை கீச்சிட்டது. கணவரை அனுப்பி எங்கள் வீட்டுக் குசினியில், சாப்பாட்டு மேசையடியில் கிடந்த மரக்கதிரையை எடுப்பித்தேன். வேகமாக இழுத்தால் யாரோ கோபித்து எழும்புவதுபோல் கேட்டது. மெதுவாக இழுத்தால் வீடு கூட்டுவதற்குத் தள்ளுவதுபோல் இருந்தது. கடைசியில், எழும்பாமல் அதில் இருந்தபடியே காலை ஊன்றி அரக்கினேன். மரம் பாரத்தோடு நிலத்தை உரசி, பாதியில் நின்று, மறுபடி உரசியது. தம்பி சரி என்று கையை உயர்த்தினார்.

"செத்த வீட்டுக்காரரும் இவ்வளவு பாடுபடமாட்டினம் மச்சாள்," என்றாள் அவள்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு வானொலியில் நாடகம் போனது. முடிந்ததும் எங்களையும் மைக்குக்கு முன்னால் இருத்தி நேயர்களின் அழைப்புகளை எடுத்தார்கள். வானத்தைப்பற்றியும் பயிரைப்பற்றியும் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு பெண் "அந்தக் கதிரை" என்று தொடங்கிவிட்டுப் போனை வைத்தார். அதை யோசித்தது யார் என்று தம்பி மைக்கில் கேட்டார்.

"இவதான்," என்று மச்சாளைக் காட்டினேன். சொல்லாமல் விட எனக்கும் ஆசைதான்.

"இழுத்தது மச்சாள்," என்றாள் அவள். "நான் இருந்து இழுத்திருந்தால் சத்தம் வந்திராது. அவவின்ரை பாரத்துக்குத்தான் வந்தது."

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். போனில் இருந்தவர்களும்தான்.

இந்த ஆகஸ்டில் ஊருக்குப் போகிறேன். டிக்கெட் போட்டாயிற்று. அங்கே எங்கள் வீட்டில் இப்போது சித்தி மட்டும் இருக்கிறார். மச்சாள் கேள்விப்பட்டவுடன் போன் எடுத்து, தானும் கூட வருவதாகச் சொன்னாள். தனியே போய் நிற்பது கஷ்டம் என்றாள், உண்மையான அக்கறையோடு.

வேண்டாம் என்றேன். நான் முதல்முதலாக அந்த வாசலில் நிற்கும்போது எனக்கு என்ன கேட்கிறதோ, அது எனக்கு மட்டும் கேட்கவேண்டும். அவள் பக்கத்தில் நின்றால் அதையும் என்னைவிட நன்றாகச் சொல்லிவிடுவாள்.