டவர் கிடைக்காத மனுஷன்

செல்போன் சிக்னல் எங்கே எவ்வளவு வருகிறது என்று அளப்பதுதான் அவருக்குச் சோறு போடும் வேலை. அலுவலகத்தில் பட்டப்பெயரே சிக்னல்காரர். வீட்டில் கதை வேறு. மனைவி கூப்பிட்டால் எடுக்க மாட்டார். சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே, "டவரே கிடைக்கல" என்பார். போயும் போயும் அவர் சொல்கிற பொய்யா அது? கூச்சம் அவருக்கும் இருந்தது, ஆனால் பொய் சௌகரியமாக இருந்தது. மனைவி தன் போனில் அவர் எண்ணை 'எல்லைக்கு வெளியே' என்றே பதிந்து வைத்திருந்தாள்.

இப்போது டிரோனில் போனைக் கட்டிப் பறக்கவிட்டு அளக்கும் வேலை. தரையில் ஒரு டவரைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக இருக்கும் போன், மேலே போனதும் ஊரிலுள்ள எல்லா டவரையும் பார்த்துவிட்டு, இதுவா அதுவா என்று தாவித் தாவிக் கடைசியில் பேச்சை அறுத்துவிடும். சாட்சாத் அவர் புத்தியேதான். ஏற்கெனவே இரண்டு முறை மேலாளர் முன்னால் மானம் போயிற்று. டவர் மாறும் கணக்கைத் திருத்திவிட்டேன் என்று கெஞ்சி வாங்கிய கடைசி வாய்ப்பு இது. இன்றும் அறுந்தால் டிரோன் வேறு ஆள் கைக்குப் போய்விடும்.

அலுவலக மொட்டைமாடியில் எல்லாம் தயார், மேலாளரும் வந்துவிட்டார். சோதனைப் போன்தான் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. சார்ஜ் போட மறந்த மகானுபாவர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அவசரத்துக்குத் தன் சொந்தப் போனையே டிரோனில் கட்டி, வரும் அழைப்பை அதுவே எடுக்கும்படி வைத்தார். மேலே கேட்கும் குரல் தனி ரேடியோ வழியாகக் கீழே ஸ்பீக்கரில் விழும். கீழே மைக்கில் பேசினால் மேலே போகும். டிரோன் கிளம்பியது. மேலாளர் சோதனை அழைப்பைப் போடுவதற்குள் ஸ்பீக்கரில் மனைவியின் குரல் கணீரென்று விழுந்தது.

"என்னங்க, எடுத்துட்டீங்களா? கை தவறிப் பட்டுருச்சா?"

மடிக்கணினியில் அழைப்பைத் துண்டிக்கப்போன அவர் கையை மேலாளர் பிடித்துக்கொண்டார். "கட் பண்ணாதீங்க. இதையே வச்சு அளந்துரலாம். டிரோன் உச்சிக்குப் போறவரைக்கும் அவங்களப் பேச வைங்க."

பேச வைப்பதா? மனைவி பேச்சை வெட்டியே பழகிய வாய் அது. ஒன்றும் தோன்றாமல் மாமனாரைப் பற்றிக் கேட்டுவைத்தார். "உங்கப்பா எப்படி இருக்காரு?"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. போச்சு, அறுந்துவிட்டது என்று ஸ்பீக்கர் பக்கம் காதைச் சாய்த்தார்.

"அதைச் சொல்லத்தாங்க ஒரு வாரமா கூப்பிடறேன்." குரல் கம்மியிருந்தது. "குளியலறையில வழுக்கி விழுந்துட்டாரு. இனிமே தனியா விட முடியாது. நம்மகூட வச்சுக்கலாமான்னு கேக்கணும். நேர்ல கேட்டா டிவியப் பாத்துக்கிட்டே தலையாட்டுவீங்க."

அவள் மூக்கை உறிஞ்சியது வரை துல்லியமாகக் கேட்டது. அவர் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டார்.

"இன்னைக்கே போய்க் கூட்டிட்டு வந்துரலாம்" என்றார்.

மேலாளர் திரையைப் பார்த்துத் துள்ளினார். "பிரமாதம் சார். உச்சியிலகூட கட் ஆகல. நம்ம மாடியில எப்பவும் முழு சிக்னல்தான், இப்ப வானத்துலயும் வந்துருச்சு."

மைக் திறந்தே இருந்தது.

"என்னங்க," என்றாள் மனைவி நிதானமாக. "அங்க டவர் எப்பவுமே இருந்துச்சா?"

அதுவரை அறுந்துவிடக் கூடாதே என்று தவித்தவர், இப்போது அறுந்து தொலையாதா என்று டிரோனை அண்ணாந்து பார்த்தார். அழைப்பு அசையாமல் நின்றது.

"இருந்துச்சு" என்றார்.