ஈ நுழையாத கூண்டு

மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். சிதம்பரத்தில் ஒரு நோய் ஆராய்ச்சிக் கூடத்துக்கு முயல் கூண்டு, எலிப்பெட்டி, நாய் அறை எல்லாம் அடித்துக் கொடுத்தது இந்தக் கைதான். பிளான் போட்டுத் தர ஆள் இல்லை. இரும்பும் கிடைக்காது. பழைய மாட்டுவண்டிச் சக்கரத்து இரும்புப் பட்டாவை நிமிர்த்திச் சட்டம் அடித்தேன். நாய் அறைக்கு நான் போட்ட இரட்டை வலைக்குள் கொசுகூட நுழையாது. அந்த வலைதான் ஓர் உயிரைக் காப்பாற்றியது.

அறுபதுகளில் ஒரு வெயில் காலம். நெல்லிக்குப்பத்தில் கரும்பு வண்டி ஓட்டும் என் தங்கை புருஷன் செல்வராசுவை, அவன் வளர்த்த நாய் மணியே கெண்டைக்காலில் கடித்துவிட்டது. கடித்த நாயைப் பத்து நாள் அடைத்துப் பார்ப்பார்கள். வெறி இருந்தால் அதற்குள் செத்துவிடும். மனிதனுக்கு நோய் வெளியே தெரிந்துவிட்டால் அப்புறம் மருந்தே கிடையாது. முன்கூட்டியே தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி போட வேண்டும்.

செல்வராசு மறுத்தான். "எம் மணிக்கு வெறியா? வாலை மிதிச்சிருப்பேன் மச்சான். வயித்துல குத்திக்கிட்டு எவன் வண்டி ஓட்டுறது?"

மணியை மட்டும் கொண்டுவந்து என் நாய் அறையில் அடைத்தோம். நான்காம் நாள் காலை ஆராய்ச்சிக் கூடத்து டாக்டர் பார்க்க வந்தார். மணி சோறு தின்றது, தண்ணீர் குடித்தது. "நார்மல்" என்று எழுதினார்.

"கொஞ்சம் நில்லுங்க சார்."

மணி சுவரைப் பார்த்தபடி இருந்தது. திடீரென்று தலையை வெட்டித் திருப்பிக் காற்றைக் கடித்தது. பல் மோதும் சத்தம் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம்.

"ஈ புடிக்குதுய்யா."

"எங்கூண்டுல ஈ கெடையாது சார்."

"கூண்டு அடிக்கிறதோட டாக்டர் வேலையும் பாக்குறியா?"

சிரித்தார். ஆனாலும் வலையோரம் குனிந்து மூலை முடுக்கெல்லாம் தேடினார். ஒன்றும் இல்லை. மணியின் கண் மட்டும் எதையோ துரத்திக்கொண்டே வந்து, அவர் தோளில் நின்றது. டாக்டர் தன் தோளைத் தட்டிவிட்டுக்கொண்டார். அப்புறம் சிரிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் செல்வராசுவை இழுத்து வந்தேன்.

"மணி, டேய்!"

அது அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தே குரைத்தது. குரைப்பாகத் தொடங்கிய சத்தம் பாதியிலேயே கம்மி, ஊளையாக நீண்டது. யாரோ நாய் மாதிரிக் கத்திப் பழகுவதுபோல இருந்தது. செல்வராசு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"இது எம் மணி இல்ல மச்சான். ஊசிய எங்க போடுறாங்க?"

ஏழாம் நாள் மணி செத்தது. மூளைத் துணுக்கை மைக்ராஸ்கோப்பில் வைத்து டாக்டர் எனக்கும் காட்டினார். செல்லுக்குள் செங்கல் தூள் மாதிரி புள்ளிகள். வெறிநோய்தான். செல்வராசு பதினாலு ஊசியும் போட்டுக்கொண்டு, அதற்கப்புறமும் பல வருஷம் வண்டி ஓட்டினான்.

லேபில் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: மைக்ராஸ்கோப் மிருகம் செத்த பிறகுதான் பேசும். உயிரோடு இருக்கும்போதே பாருங்கள்.

பிற்பாடு டாக்டர் இங்கிலீஷில் எழுதிய கட்டுரையை ஒருவர் எனக்குத் தமிழில் படித்துச் சொன்னார். 'ஆண் நாட்டு நாய், செவலை' என்று மணிக்கு ஒரு வரி இருக்கிறது. 'ஈ இல்லாத இடத்தில் ஈயைக் கடிப்பது கவனிக்கப்பட்டது' என்று அடுத்த வரி. கவனிக்கப்பட்டதாம்! கவனித்தவன் நான். ஈ இல்லாமல் செய்தவனும் நான். அந்த வரியில் என் பெயரைப் போடுங்கள்.