கடை எண்ணெயும் வீட்டு எண்ணெயும்

1. மாட்டிக் கொடுக்கப் போனது

விமானக் கம்பெனி ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் புதிதாகச் சேர்ந்த பையன்கள் என்னைப் பார்க்க வருகிறார்கள். வந்தால் முதலில் கேட்பது, "முதல் விமானத்தை எங்கே தொட்டீர்கள்?" என்பதுதான். சீமைக்குப் போய்ப் படித்துவிட்டுத் தொட்டேன் என்று நினைக்கிறார்கள். பாளையங்கோட்டையில், வெறுங்காலோடு, கையெல்லாம் விளக்கெண்ணெயாகத் தொட்டேன் என்றால் நம்புவதில்லை.

முதல் உலகப் போருக்கு முந்தைய காலம் அது. மிஷன் தொழிற்பள்ளியில் பிட்டர் வேலை கற்றுக்கொண்டு, விக்கிரமசிங்கபுரம் நூல் மில்லில் வேலை பார்த்து வந்தேன். அப்போது ஊர் ஊராக விமானம் ஓட்டிக் காட்டுகிற கம்பெனி ஒன்று திருநெல்வேலிக்கு வந்தது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு வெள்ளைக்காரத் துரை, மரப்பெட்டிகளில் அடைத்த ஒரு விமானம், ஒரு மெக்கானிக், அவ்வளவுதான். அந்த மெக்கானிக்கும் மதுரையில் காய்ச்சலில் படுத்துவிட்டார். துரை மில்லில் ஆள் கேட்டார். தலைமை பிட்டர் என்னைக் கூப்பிட்டார்.

"போயி மாட்டிக் குடுத்துட்டு வாலே. நீயும் சேந்து பறந்துராத, இங்கன வேலை கிடக்கு."

பாளையங்கோட்டை மைதானத்தில் பெட்டிகளைப் பிரித்தோம். இறக்கை, வால், எஞ்சின் எல்லாம் பத்திரமாக இருந்தன. எண்ணெய் டின்கள் மட்டும் ரயிலில் நசுங்கி, உள்ளே இருந்ததெல்லாம் ஒழுகிப் போயிருந்தது. துரை தலையில் கை வைத்துக்கொண்டார். நான் டின்னை முகர்ந்து பார்த்தேன். சாட்சாத் விளக்கெண்ணெய்!

துரை காரணம் சொன்னார். அந்த எஞ்சினில் சிலிண்டர்களே ப்ரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். மற்ற எண்ணெய்கள் பெட்ரோலில் கரைந்துவிடும். விளக்கெண்ணெய் லேசில் கரையாது. அதனால் அதைத்தான் ஊற்ற வேண்டும், அதிலும் சுத்தமானதாக இருக்க வேண்டும். கலப்பு இருந்தால் எஞ்சின் சூடேறி நடுவானத்தில் இறுகிவிடும். எனக்கு ஒரே நிம்மதி. சீமையிலிருந்து ஒரு நட்டு வர வேண்டும் என்றால் கையைப் பிசைந்திருப்பேன். விளக்கெண்ணெய்க்கு எங்கள் ஜில்லாவில் என்ன பஞ்சம்?

2. அண்ணாச்சியின் சத்தியம்

அவ்வளவு எண்ணெய் ஒரே இடத்தில் கிடைப்பது செக்கு வைத்திருந்த சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம்தான். நல்ல மனிதர். கோயில் காரியமோ கல்யாணக் காரியமோ, முதல் ஆளாக நிற்பார். அவருடைய எண்ணெயைப் பற்றி எனக்கு ஒரே ஒரு சந்தேகம் உண்டு. எங்கள் தெருவில் பிள்ளைகளுக்குப் பேதிக்கு அவர் கடை விளக்கெண்ணெய்தான். அதைக் குடித்த பிள்ளைகள் மறுநாள் காலையில் எதுவும் நடக்காததுபோல் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள்.

"அண்ணாச்சி, இதுல வேற எண்ணெய் ஏதும் சேந்திருக்குமா?" என்று பணிவாகத்தான் கேட்டேன்.

"என்ன வே இப்பிடிக் கேக்கீரு? நெல்லையப்பர் மேல சத்தியம், ஒரு சொட்டு கலப்பு கிடையாது. என் எண்ணெயக் குடிச்சி எவனுக்காவது ஏதாவது ஆயிருக்கா?"

ஒன்றுமே ஆகவில்லை என்பதுதானே என் சந்தேகம்! அதை அவரிடம் எப்படிச் சொல்வது?

டின்கள் மைதானத்துக்கு வந்து சேர்ந்தன. மேலே போகிறவர் துரை. கீழே நின்று எண்ணெய் ஊற்றுகிறவன் நான். எஞ்சின் இறுகினால் அவர் உயிர் போகும். ஊரே மதிக்கிற வியாபாரியின் சத்தியத்தைப் பொய் என்று ஒரு பிட்டர் சொன்னால் யார் கேட்பார்கள்? கல்லிடைக்குறிச்சி வரைக்கும் தண்டோரா போட்டாயிற்று. ஜனங்கள் வண்டி கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார்கள்.

கடைசியில் துரையிடம் போய், "எங்கள் பக்கத்தில் எண்ணெய் கொடுத்தவருக்கு முதல் மரியாதை செய்வது வழக்கம். முதல் சவாரிக்கு அவரை ஏற்றிக்கொள்ளுங்கள்" என்றேன். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது. ஆனால் உள்ளூர் வழக்கம் என்று சொல்லிவிட்டால் துரைமார் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். உடனே சம்மதித்துவிட்டார்.

3. முதல் சவாரி

அண்ணாச்சி வந்த வரவைப் பார்த்திருக்க வேண்டும். ஜரிகை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, கழுத்தில் ரோஜா மாலை, முன்னால் மேளம். பின்னால் அவர் சம்சாரம், சொந்தபந்தம். துரை கை குலுக்கியதும் அண்ணாச்சி இன்னும் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டார். நான் ஒரு டின்னைக்கூடத் திறக்காமல் அவருக்காகவே காத்திருந்தேன்.

எஞ்சினைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு அண்ணாச்சி கேட்டார். "நம்ம எண்ணெய் இதுல என்ன வே செய்யுது?"

"எல்லாமே அதுதான் அண்ணாச்சி. எண்ணெய் சரியில்லன்னா எஞ்சின் இறுகி நின்னுரும்."

"நின்னா?"

"வண்டின்னா இறங்கித் தள்ளலாம். இதுல எங்கன இறங்க?"

அண்ணாச்சி வானத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற அவர் சம்சாரம் மெல்லக் கேட்டார்.

"இந்தாங்க, இதுல ஊத்தப் போறது கடை எண்ணெயா, வீட்டு எண்ணெயா?"

மேளக்காரர்கள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்கு முகம் வியர்த்துவிட்டது. என் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போனார்.

"அந்த டின்ன தொடாதீரும் வே. கடைப்பய தெரியாம மாத்தி ஏத்திட்டான். வீட்டுல வேற இருக்கு, பைய ஆளனுப்பி எடுத்தாறச் சொல்லுதேன்."

"சரி அண்ணாச்சி, கடைப்பயல்கள் அப்படித்தான்" என்றேன். எனக்கு அழுகை வருகிற அளவுக்கு நிம்மதி.

வீட்டு எண்ணெய் வந்தது. பார்க்கும்போதே தெரிந்தது, கெட்டியாக, கம்பிபோல இறங்கியது. நான் ஊற்றி முடிக்கும்வரை அண்ணாச்சி கூடவே நின்றார். முடிந்ததும் இறக்கைக் கம்பிகளையும் நட்டுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"எண்ணெய்க்கு நான் பொறுப்பு. சரி, இதையெல்லாம் முறுக்குனது யாரு?"

"நாந்தான் அண்ணாச்சி."

"அப்ப நீரும் ஏறுவீரா?"

அவர் கேலியாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். எனக்குக் கல்யாணம் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, ஏற்கனவே முறுக்கிய எல்லா நட்டையும் மறுபடி முறுக்கிப் பார்த்தேன். துரை கடிகாரத்தைப் பார்த்தார், கூட்டம் விசிலடித்தது. நான் யாரையும் பார்க்கவில்லை. முடித்துவிட்டு, "இப்ப ஏறுதேன்" என்றேன்.

துரையைத் தவிர ஒருவர்தான் அதில் உட்காரலாம். அப்படித்தான் அண்ணாச்சிக்கு வைத்திருந்த முதல் சவாரி எனக்கு வந்தது. மேலே போனால் தாமிரபரணியும் வயலும் எவ்வளவு அழகாகத் தெரிந்திருக்கும் என்று எல்லோரும் கேட்கிறார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கண்ணெதிரே இருந்த இரண்டு நட்டுகள். அவை கழல்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே போய், பார்த்துக்கொண்டே இறங்கினேன். நன்றாகப் பயந்தேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

இறங்கியதும் என் முகத்தில் தெறித்திருந்த எண்ணெயை அண்ணாச்சி விரலால் வழித்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "நம்ம எண்ணெய்தான்" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு அவரும் ஏறினார். சம்சாரம் பார்த்துக்கொண்டு நிற்கும்போது வேறு வழியில்லை.

மெக்கானிக் குணமாகி வரவே இல்லை. துரையோடு ஊர் ஊராகப் போனேன். பின்னால் விமானக் கம்பெனியில் சேர்ந்து மேஸ்திரி ஆனேன். வேலை முடிந்தது என்று யார் வந்து நின்றாலும், கையெழுத்துப் போடுவதற்கு முன் அண்ணாச்சி கேட்டதைத்தான் நானும் கேட்பேன். "சரி, சோதனைப் பறப்புக்கு நீரும் ஏறுவீரா?" என்பேன். சிலர் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். பலர் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு விமானத்துக்கடியில் மறுபடி போனார்கள். அப்படிப் போனவர்களை நான் ஒருநாளும் கடிந்துகொண்டதில்லை. அவர்கள் வெளியே வரும்வரை காத்திருந்து கையெழுத்துப் போட்டேன்.