கண்டக்டர் ஆக்கிய ஐந்து வகைச் சோறு

முப்பத்திரண்டு வருடம் பஸ்ஸில் நின்றபடியே காலம் தள்ளிய மனிதரை வீட்டில் உட்கார் என்றால் உட்காருவாரா? குரும்பலூர் இராமலிங்கம் உட்காரவில்லை. தை மாதம் பாதியில் ரிட்டயர் ஆகி, கண்டக்டர் விசிலை ஆணியில் மாட்டினார். மறுநாள் காலை நாலரைக்கே குளித்து முடித்துவிட்டு, போக ஒரு பஸ் இல்லாமல் வாசலில் நின்றார்.

அதற்கப்புறம் அவர் பண்ணாத வேலை இல்லை. மகளின் பழைய சைக்கிளுக்குக் காற்றடித்துப் பெரம்பலூர் வரைக்கும் மிதித்துப் போய் வந்தார். செட்டிகுளத்தில் மலைக்கோயிலுக்கு வந்த ஆட்களை இத்தனை வருடம் இறக்கிவிட்டாரே தவிர, தான் ஒரு நாளும் ஏறினதில்லை. ஒரு வெள்ளிக்கிழமை எங்கேயும் உட்காராமல் ஏறி, முருகனைக் கும்பிட்டுவிட்டு, மேலே நின்றே அரியலூரில் இருக்கும் மகள் கீதாஞ்சலிக்குப் போன் போட்டுச் சொன்னார். மாடியில் பெயிண்ட் டப்பாக்களில் ரோஜா வைத்தார். வைத்தவர் சும்மா இருந்தாரா? வேளைக்கு ஒரு குடம் என்று ஊற்றினார். அந்தத் தண்ணீர் மாடிப்படியில் வழிந்து, அவர் மனைவி ஜெகதாம்பாள் அதில் வழுக்கி விழுந்து, வலது கைக்கு மாவுக்கட்டுப் போடும்படி ஆனது.

அப்படித்தான் கரண்டி அவர் கைக்கு வந்தது.

சமையலறை வாசலில் நாற்காலி போட்டு ஜெகதாம்பாள் உட்கார்ந்துகொள்வாள். அவள் சொல்லச் சொல்ல இவர் செய்வார். பஸ்ஸுக்கு நேரம் பார்த்த பழக்கம் அடுப்பிலும் போகவில்லை. ஆறு பத்துக்கு உலை, ஆறு இருபதுக்கு அரிசி. குக்கர் விசில் அடித்தால் வாய் தானாக "ரைட்" என்றது. முதல் வாரச் சாம்பாரின் உப்பைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. மூன்றாவது வாரம் வைத்த வத்தக்குழம்பின் வாசனைக்குப் பக்கத்து வீட்டுப் பொன்னாயி கிண்ணத்தோடு வந்து நின்றாள். ஜெகதாம்பாள் மட்டும் எதைச் சாப்பிட்டாலும் "பரவாயில்ல" என்பதோடு சரி.

அந்தச் சமயத்தில்தான் மகளுக்கு வளைகாப்பு நாள் குறித்தார்கள். அரியலூரில், மாப்பிள்ளை வீட்டில். பிறந்த வீட்டில் ஆக்கிய ஐந்து வகைச் சோற்றோடு போய், வளையல் போட்டுப் பெண்ணைப் பிரசவத்துக்கு அழைத்துவர வேண்டும். கை இப்படி இருக்கிறதே, சமையல்காரரிடம் சொல்லிவிடலாம் என்றாள் ஜெகதாம்பாள். மகளோ போனில் ஒரே பிடியாக நின்றாள்.

"ஆளு வெச்சு ஆக்க வேணாம்ப்பா. நீயே ஆக்கிக் கொண்டாந்துடு. புளிச்சோறு மட்டும் நெறைய."

இராமலிங்கத்துக்கு அந்த வார்த்தையே போதும். மகள் மூன்று வயதில் எதைக் கேட்டாலும் அவர் ட்யூட்டியில் இருப்பார். அவள் வாய் திறந்து கேட்டு, இவர் வீட்டில் இருந்தது இதுதான் முதல் தடவை.

புளிக்காய்ச்சலை மூன்று தடவை வைத்துப் பழகினார். மூன்றாவது தடவை எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. அதோடு விட்டிருக்கலாம். மகளுக்குக் கடை அரிசியா என்று ஒரு ரோஷம் வந்தது. அந்த வாரம்தான் அறுத்து முடித்த சொந்த வயல் நெல்லை வளைகாப்புக்கு முதல் நாள் மில்லில் கொடுத்து அரைத்து வந்தார். புது அரிசி குழையும் என்று ஜெகதாம்பாள் நாலு தடவை சொன்னாள். நம் மண்ணில் விளைந்தது நமக்குத் துரோகம் பண்ணாது என்று அவர் ஐந்தாவது தடவை வாயை அடைத்தார்.

விடிகாலை ஐந்து மணிக்கு அண்டாவைத் திறந்தால் உள்ளே சோறு இல்லை, களி இருந்தது. கரண்டி செருகினால் செருகினபடி நின்றது. எட்டு மணிக்கு வேன். அண்டாவைப் பார்த்தபடி அவர் நின்றுவிட்டார்.

ஜெகதாம்பாள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள். திட்டுவாள் என்றுதான் அவர் காத்திருந்தார்.

"கொழஞ்சா என்னங்க? வெல்லத்தப் போட்டுச் சக்கரப் பொங்கலாக் கெளறுங்க. மிச்சத்துல தயிரையும் பாலையும் ஊத்திப் பெசைங்க. ரெண்டு ஆச்சு," என்றவள், குரலைத் தாழ்த்தினாள். "மிச்ச மூணு சோத்துக்கும் அரிசிக்குப் பொன்னாயி வூட்டுக்குப் போங்க."

அங்கேதான் அவருக்குக் கால் எழவில்லை. ரேஷன் புழுங்கல் அரிசி தன் வீட்டு அடுப்பில் ஏறாது என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லி, மாதாமாதம் அதைப் பொன்னாயிக்குக் கொடுத்துவிடுகிறவர் அவர். பழைய அரிசி, உதிரியாக நிற்கும். ஆனால் அதை எப்படித் திருப்பிக் கேட்பது? புளிக்காய்ச்சல் சட்டியைப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"கோழிக்குல்ல போட்டு வெச்சிருக்கேன் கண்டக்டரே, ஒங்க வூட்டு அடுப்பு ஒத்துக்குமா?" என்று பொன்னாயி கேட்டாள். கேட்டபடியே கூடை நிறைய அளந்து போட்டு, கல் பொறுக்கிக் கொடுக்கத் தானும் கூடவே வந்தாள்.

ஆறேழு தண்ணீர் விட்டுக் கழுவி, பதம் பார்த்து வடித்து, பாயில் கொட்டி ஆறவைத்தார்கள். ஒவ்வொரு பருக்கையும் தனித்தனியாக நின்றது. புளி, எலுமிச்சை, தேங்காய் மூன்றும் பிசைந்து ஏற்றியபோது மணி எட்டு பத்து. பத்து நிமிஷம் லேட் என்று இராமலிங்கம் வேன் டிரைவரிடம் மன்னிப்பே கேட்டார்.

அரியலூரில் வளையல் போட்டு முடிந்ததும் கீதாஞ்சலி இலையில் உட்கார்ந்தாள். மற்ற நாலும் தொட்டுக்கொள்ள வைத்ததுபோல் ஓரத்தில் இருக்க, புளிச்சோற்றை மட்டும் மூன்றாவது தடவை வாங்கினாள். சம்பந்தி அம்மாக்கண்ணு ஒரு வாய் வைத்துவிட்டு, இது என்ன அரிசி, எந்த மில்லில் வாங்கினது என்று விசாரித்தார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் திரும்பினார்கள். நம் வயல் அரிசிதான் என்று சொல்லுங்கள் என்பதுபோல் ஜெகதாம்பாள் கண்ணைக் காட்டினாள்.

மகள் சாப்பிடுகிற சோற்றில் பொய் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"ரேஷன் அரிசிங்க," என்றார் இராமலிங்கம். "என் வயலு அரிசி பொங்கலாப் போச்சு."

அம்மாக்கண்ணு மெல்லுவதை நிறுத்தினார். "எங்க வூட்டுல மூட்டையா கெடக்குதுங்க. மாட்டுக்குல்ல வேக வெக்கிறோம்," என்று சொல்லிவிட்டு, இலையைத் தள்ளாமல் இன்னொரு கரண்டி கேட்டார். பந்தி முழுக்கச் சிரித்தது.

நாலு நாள் கழித்து ஜெகதாம்பாளுக்கு மாவுக்கட்டைப் பிரித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் போய்க் கரண்டியை எடுத்தாள். பிரசவத்துக்கு வந்திருந்த மகள் உள் அறையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

"நீ ஒக்காரும்மா. அப்பா ஆக்கட்டும்."

ஜெகதாம்பாள் கரண்டியைக் கணவனிடம் கொடுத்தாள். நாற்காலியை இழுத்து அடுப்புப் பக்கமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். உப்புச் சாடியை மட்டும் மடியில் வைத்துக்கொண்டாள்.