எங்கள் வீட்டுக்கு திக்னஸ் பிளேனர் வந்த கதை

வேப்பம் பலகையைச் சீவினால் தூள் வந்து உதட்டில் ஒட்டும். நாக்கால் தொடவே தேவையில்லை... கசக்கும்.

ஒரு காலத்தில் என் பின்னேரங்கள் எல்லாம் அந்தக் கசப்போடுதான் போயின. கரவெட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த ஆட்டுக்கொட்டிலைக் கழுவி, சீமெந்து பூசி, எனக்கென்று ஒரு மரவேலைக்கூடம் ஆக்கியிருந்தேன். பகலில் அலுவலகம். வீட்டுக்கு வந்து ஒரு தேத்தண்ணி குடித்தால், பிறகு நானும் சீவுளியும்தான்.

அப்படி இருக்கும்போதுதான் முதல் ஓடர் வந்தது. ஊர் வாசிகசாலையில் சின்னப் பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து படிக்க, உயரம் குறைந்த பதிவான நாலு மேசைகள்.

சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை!

ஆனால் முதல் மேசையிலேயே மாட்டிக்கொண்டேன். பலகைகள் ஒன்று தடிப்பு, ஒன்று மெல்லிசு. ஒட்டிப் பார்த்தால் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் நின்றன. கையால் சீவிச் சீவி தோள் வீங்கியதுதான் மிச்சம். மேலே கடதாசி வைத்து எழுதினால் பென்சில் ஓட்டை போட்டது. வாசிகசாலைத் திறப்பு விழாவோ நெருங்கிக்கொண்டிருந்தது.

"உது கையாலை ஏலாது. மெசின் ஒண்டு எடுப்பம்" என்றார் என் கணவர்.

திக்னஸ் பிளேனர். பலகையை ஒரு பக்கத்தால் விட்டால், மேலே சுழலும் அலகு சீவி, மற்றப் பக்கத்தால் ஒரே தடிப்பில் வெளியே தள்ளும். எனக்கு அது கனவு மாதிரி.

கணவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். ஒரு கிழமையாக போனில் வீடியோ பார்த்துத் தள்ளினார். அவருக்கு ஆகப் பெரியதுதான் வேண்டும்.

"இஞ்சரும், அகலமான மெசின் எண்டால் முழு மேசைப் பலகையையும் ஒருக்கா விட்டு எடுக்கலாம்."

"பலகையளை முதல் தனித்தனியச் சீவிப்போட்டு, பேந்து ஒட்டினால் ஏன் அவ்வளவு அகலம்?" என்றேன் நான்.

சோறு சாப்பிடும்போதும் இதே கதைதான். முடிவில்லை.

ஒரு சனிக்கிழமை யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிட்டோம். நான் கையோடு இரண்டு வேப்பம் பலகைகளை எடுத்துக்கொண்டேன். பஸ்ஸில் கொண்டக்டர் என்னைப் பார்த்தார், பலகைகளைப் பார்த்தார்.

"அக்கா, உவைக்கும் சீற் வேணுமோ?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. கணவர் யன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டார்...

கடையில் இரண்டு மெசின்கள் இருந்தன. கடைக்காரத் தம்பி நேரே கணவரிடம் போனார். "அண்ணை, இதைப் பாருங்கோ. ஆகப் பெரிசு. நல்ல பவர்."

"தம்பி, வேலை செய்யிறது அவா. அவாவோடை கதையுங்கோ."

அந்த ஒரு வார்த்தைக்கே அன்றைக்கு அவருக்கு ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுக்கலாம் போல இருந்தது. பிறகு வாங்கியும் கொடுத்தேன்.

"ஓட்டிப் பார்க்கலாமோ?" என்று கேட்டேன்.

"ஐயோ அக்கா, கடை முழுக்கத் தூளாய்ப் போகும்."

"அப்ப பின்வளவுக்குக் கொண்டு போவம்."

அவர் தலையைச் சொறிந்தார். ஆனாலும் நல்ல பிள்ளை, இரண்டையும் ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு வந்தார்.

பெரியதில் முதல் பலகையை விட்டேன். பெரிய சத்தம். பலகை பளபளவென்று வந்தது. கணவர் முகத்தில் வெற்றிச் சிரிப்பு! ஆனால் நுனியைத் தடவினால் விரலுக்கு ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. பலகை வெளியேறும்போது அலகு இருக்கும் தலைப்பகுதி ஆடியிருக்கிறது. கையால் பிடித்து ஆட்டிப் பார்த்தேன். ஆடியது.

சின்னதில் அந்தத் தலையை இறுக்கிப் பூட்ட ஒரு பிடி இருந்தது. பூட்டிவிட்டு மற்றப் பலகையை விட்டேன். அது வந்த வரத்து! தொடக்கத்திலிருந்து முடிவுவரை கண்ணாடி.

"தொட்டுப் பாருங்கோ" என்றேன்.

கணவர் தடவினார். இன்னொரு முறை தடவினார். "ஓம்... இதுதான்" என்றார்.

ஓட்டோவில் மெசினை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் நாங்கள் பிடித்துக்கொண்டு வந்தோம். வீட்டுக்கு வந்ததும் உடுப்புக்கூட மாற்றவில்லை. வயர் இழுத்து, சுவிச்சைப் போட்டு, பலகையை விட்டால்... பாதியில் முனகி நின்றுவிட்டது.

என் நெஞ்சும் நின்றுவிட்டது. பிழையானதை எடுத்துவிட்டேனோ? பெரியதைத்தான் எடுத்திருக்கவேண்டுமோ?

கணவர் சுவிச்சை நிறுத்தினார். குனிந்து வயரைத் தொட்டுப் பார்த்தார். "மெசின் பிழையில்லை. வயர் சுடுது. இவ்வளவு தூரத்துக்கு உந்த மெல்லிசு வயர் காணாது."

அடுத்த நாளே எலக்ட்ரீசியனைப் பிடித்து, மெயின் சுவிச்சிலிருந்து கொட்டிலுக்குத் தனித் தடித்த வயர் போடுவித்தார். சுவிச்சைப் போட்டதும் மெசின் பாடிய பாட்டு இருக்கிறதே!

அன்று முழுக்க நான் பலகையை விட, அவர் மறுபக்கம் நின்று ஏந்தினார். முழங்காலளவு சீவல். அவரின் மீசை வெள்ளை. இருமிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் வாசிகசாலைப் பலகைகள் எல்லாவற்றையும் முடித்தோம். திறப்பு விழாவன்று பிள்ளைகள் மேசைகளைச் சுற்றி இருந்து படம் கீறினார்கள். ஒரு பென்சிலும் ஓட்டை போடவில்லை.

இப்போது வேறு மெசின் வைத்திருக்கிறேன். சத்தம் குறைவு. தூளைத் தானே உறிஞ்சும். வெளியே வரும் பலகையைத் தாங்க ஒரு உருளைத் தாங்கியும் உண்டு. ஏந்துவதற்கு ஆள் தேவையில்லை.

நேற்று ஒரு முதிரை மரப் பலகை சீவினேன். மஞ்சளில் அலை அலையாக... அவ்வளவு வடிவு. உடனே யாருக்காவது காட்டவேண்டும் போல இருந்தது.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோவன்!"

"வாறன், வாறன்..." என்று வீட்டுக்குள் இருந்து அவரின் குரல் வந்தது. ரீவியில் கிரிக்கெட் ஓடும் சத்தமும் வந்தது.

கொஞ்ச நேரம் கொட்டில் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அடுத்த பலகையை விட்டேன். மறுபக்கத்தில் உருளைத் தாங்கி அதை ஏந்திக்கொண்டது.