எங்கள் பக்கத்து நடுவர்

மகள் பிறந்ததும் பெரம்பலூரில் நான் நடத்திய பிரௌசிங் சென்டருக்கு அவள் பெயரையே வைத்தேன். அதே பெயரில் ஒரு டாட் காமும் வாங்கினேன். வெங்காய விலை, பரீட்சை ரிசல்ட், அவளுடைய மொட்டைத் தலைப் போட்டோ, எல்லாம் அதில் இருந்தன. வெளிநாட்டுச் சோப்புக் கம்பெனி ஒன்றுக்கும் அதே பெயராம். அந்த டாட் காமை என்ன விலைக்குத் தருவாய் என்று மெயில் போட்டார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ‘என் மகள் பெயருக்கு உங்களால் விலை கொடுக்க முடியாது’ என்று இங்கிலீஷில் எழுதி அனுப்பிவிட்டேன்.

அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு வழக்குப் போட்டார்கள். அதிக விலைக்கு விற்கத்தான் வைத்திருக்கிறேனாம்! இந்த மாதிரி இணையப் பெயர்த் தகராறையெல்லாம் விசாரிக்க வெளிநாட்டில் ஒரு மையம் இருக்கிறது. கோர்ட் வாசல் ஏற வேண்டாம், எல்லாம் மெயிலிலேயே நடக்கும். கம்பெனி மூன்று நடுவர்களைக் கேட்டிருந்தது. அவர்கள் சொல்லும் ஆட்களில் ஒருவர், நான் சொல்லும் ஆட்களில் ஒருவர், மூன்றாமவரை மையமே போடும்.

நடுவர் பட்டியலைத் திறந்தால் ஊர் ஊராக வக்கீல்களும் பேராசிரியர்களும். யாரை எனக்குத் தெரியும்? உட்கார முடியவில்லை, எழுந்து வாசலுக்குப் போவேன், மறுபடி வந்து படிப்பேன். “அண்ணே, லைன் கட்டாயிடுச்சு” என்று கஸ்டமர்கள் கத்தினாலும் காதில் ஏறாது. எனக்கு வேண்டியது சட்டப் புலி இல்லை. ஒரு அப்பன் கோபத்தில் எழுதிய வரியை அப்படியே புரிந்துகொள்ளும் ஆள். கடைசியில் சென்னை வக்கீல் ஒருவரை முதலில் எழுதி, பேருக்கு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்தேன். அவரையே எடுத்துக்கொண்டார்கள். அன்றைக்குத்தான் சோறு இறங்கியது.

குன்னத்தில் வெங்காயம் போடுகிற என் மச்சான், மனைவியின் அண்ணன், கடைக்கு வந்தார். ஊரில் பாகப்பிரிவினை என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது.

“பஞ்சாயத்துக்கு ஆள வச்சிட்டு, நேர்ல போயி ஒரு வார்த்தை அழைக்கலியா? என்ன மாப்ள, மரியாதை வேணாமா?”

“ஐயோ மச்சான், அவங்களோட நாம பேசவே கூடாது. ரூல்ஸ் அப்படி.”

“ரூல்ஸு!” என்று சிரித்துவிட்டுப் போனார். மேசையில் நான் அச்செடுத்து வைத்திருந்த, வக்கீலின் விலாசம் போட்ட விவரத் தாளும் கூடவே போனது எனக்குத் தெரியாது.

இரண்டொரு நாளில் மையத்திலிருந்து மெயில். நான் கேட்ட நடுவர் விலகிக்கொண்டாராம், வேறொருவரைப் போடுகிறார்களாம். தலையில் இடி விழுந்தது. மேசையில் அவருடைய விவரத் தாளையும் காணோம். குன்னத்துக்கு போன் போட்டேன்.

“போயிட்டுதான் வந்தேன்” என்றார் மச்சான், கூச்சமே இல்லாமல். “ஒரு பை சின்ன வெங்காயம், வெத்தல, பழம். நல்ல மனுஷன். ஏதோ விசேஷத்துக்கு அழைக்க வந்த உறவுன்னு நெனச்சு உள்ள கூப்புட்டு காபி குடுத்தாரு. பாப்பா பேரச் சொல்லி, நீங்க எழுதுன வரியச் சொன்னேன். ‘அப்பன்னா அப்புடித்தான் எழுதுவான்’னு சிரிச்சாரு. அப்பறந்தான் எந்தக் கேஸுன்னு வெளங்கி எந்திரிச்சிட்டாரு. ‘இனிமே நான் இதுல உக்கார முடியாதுங்க’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. வெங்காயத்தயும் திருப்பிக் குடுத்துட்டாரு.”

“கெடுத்தீங்களே மச்சான்!” என்று கத்தி ரிசீவரை வைத்தேன். மாசக்கணக்கில் அவர் வீட்டுப் பக்கம் நான் போகவில்லை.

தீர்ப்பு வந்தது. மூன்று பேரும் ஒரே குரலில் பெயரைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். நான் எழுதிய வரி, விலையை ஏற்றுவதற்கான பேரமாம்.

மச்சானே கடைக்கு வந்து எதிரில் உட்கார்ந்தார். தீர்ப்பைத் தமிழில் சொன்னேன்.

“அந்த மனுஷனுக்குக் கேட்ட ஒடனே புரிஞ்சுது மாப்ள” என்றார். “அவரத்தான் நான் எந்திரிக்க வச்சிட்டு வந்தேன்.”

திட்டுவதற்கென்று சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ. டீக்கடைப் பையனைக் கூப்பிட்டு, மச்சானுக்கு ஒரு டீ சொன்னேன்.